இருந்துவிடும் துறவு
புனித ஆசீர்வாதப்பரின் ஒழுங்குநூலும் அதன் இக்கால வாசகர்களும்

துறவு என்ற சொல்லைக் கேட்டவுடன் தமிழர் மனக்கண்ணில் எழுவது, ஒருவர் புறப்பட்டுப் போகும் காட்சி. வீட்டை விட்டு, உறவை விட்டு, ஊரை விட்டுச் செல்பவரே துறவி. ‘துற’ என்னும் வினைக்கு விடுதல், நீங்குதல் என்பவையே பொருள். வள்ளுவர் அறத்துப்பாலில் இல்லறவியலை முன்வைத்துத் துறவறவியலை அடுத்து வைத்தார். இரண்டும் அறமே எனினும், ஒன்றில் நிற்பவர் மற்றொன்றில் நிற்பவர் அல்லர் என்னும் எண்ணம் நம் மரபில் ஆழமாக வேரூன்றியுள்ளது.

ஆகவேதான், ‘துறவற மதிப்பீடுகளை உலகின் நடுவே வாழுங்கள்’ என்று பொதுநிலையினரிடம் கூறும்போது இருவகையான மறுமொழிகள் எழுகின்றன. “அது சாமியார்களுக்கும் சிஸ்டர்களுக்கும் உரியது, பிள்ளைகுட்டிகளோடு அல்லாடும் எங்களுக்கு எதற்கு?” என்பது ஒன்று. மற்றொன்று இதைவிட நயமானது. மூன்று நாள் தியான இல்லத்தில் தங்கி, மௌனத்தின் இனிமையைச் சுவைத்து, “அங்கேயே இருந்துவிடலாம் போலிருந்தது, சாமி” என்று பெருமூச்சுடன் வீடு திரும்புவது. முதலாமவர் துறவைத் தமக்கு எட்டாத உயரத்தில் வைக்கிறார்; இரண்டாமவர் அதை ஓய்வாக்கிக்கொள்கிறார். இருவருமே துறவை வீட்டிற்கு வெளியே வைத்துவிடுகிறார்கள்.

மேலைத் திருச்சபையின் துறவு வாழ்வை உருவாக்கிய நூல் இவ்விரு கருத்துகளையும் ஏற்கிறதா? அந்நூலை இக்காலத்தில் எடுத்துரைத்தவர்கள் அதைச் சரியாகப் படித்தார்களா? இவ்விரு வினாக்களையே இக்கட்டுரை ஆராய்கிறது.

நூலின் இயல்பு

ஆறாம் நூற்றாண்டில் இத்தாலியில் வாழ்ந்த புனித ஆசீர்வாதப்பர் (பெனடிக்ட்) இலத்தீன் மொழியில் எழுதிய ஒழுங்குநூல், ஒரு முன்னுரையும் 73 அதிகாரங்களும் கொண்ட சிறுநூல். ஒரே நாளில் படித்து முடித்துவிடலாம். ஆனால் விண்ணகக் காட்சிகளையும் ஆன்ம பரவசத்தையும் எதிர்பார்த்துப் படிப்பவர் ஏமாற்றமடைவார். எந்தக் காலத்தில் எத்தனை திருப்பாடல்கள் சொல்வது, எவ்வளவு ரொட்டி உண்பது, உறங்கும்போது என்ன உடுத்துவது, செபத்திற்குத் தாமதமாக வருபவர் எங்கே நிற்பது என்றே பக்கங்கள் நகர்கின்றன. ஆசீர்வாதப்பருடைய பெயரோடு ஒட்டிக்கொண்ட ‘செபமும் உழைப்பும்’ என்னும் முழக்கம்கூட இந்நூலில் இல்லை. அது பிற்காலத்தார் தந்த சுருக்கம்.

ஆனால் இந்தச் சாதாரணத்தன்மையே நூலின் இலக்கியத் தகுதியும் ஆன்மீகத் தகுதியும் ஆகும். 31ஆம் அதிகாரம் மடத்துப் பொருளாளரைப் பற்றியது. மடத்தின் பாத்திரங்களையும் கருவிகளையும் பீடத்தின் திருப்பாத்திரங்களுக்கு ஒப்பாக அவர் மதிக்கவேண்டும் என்கிறது. கேட்பவருக்குக் கொடுக்கப் பொருளில்லை என்றால் நல்ல சொல்லையாவது கொடுக்கவேண்டும் என்கிறது. மண்வெட்டிக்கும் திருக்கிண்ணத்துக்கும் இடையே ஒரே மரியாதையைக் காணும் இந்தப் பார்வையை எத்தனை ஆன்மீக நூல்களில் நாம் கண்டிருக்கிறோம்?

35ஆம் அதிகாரம் சமையலறை முறை பற்றியது. நோயுற்றோரும் முக்கியப் பொறுப்பில் இருப்போரும் தவிர, எவருக்கும் விலக்கில்லை; அனைவரும் வாரமுறைப்படி ஒருவருக்கொருவர் பணிபுரிய வேண்டும். வாரம் முடியும் சனிக்கிழமை, கைகால் துடைக்கும் துணிகளைத் துவைத்து, பாத்திரங்களைத் துப்புரவாக ஒப்படைக்க வேண்டும். முறை முடிப்பவரும் முறை தொடங்குபவரும் சேர்ந்து அனைவருடைய பாதங்களையும் கழுவவேண்டும். பரிமாறுவோர் முணுமுணுப்பின்றிப் பணிபுரியும் பொருட்டு, உணவு வேளைக்கு முன்பே அவர்களுக்குச் சிறிது ரொட்டியும் பானமும் தரவேண்டும் என்று ஆசிரியர் சேர்க்கிறார். பசித்த வயிற்றோடு பிறருக்குப் பரிமாறுவதன் வேதனையை அறிந்தவர் மட்டுமே எழுதக்கூடிய வரி அது.

இந்நூலின் பெரும்பகுதிக்கு ஓர் முன்னோடி உண்டு. ‘போதகரின் ஒழுங்கு’ என்று வழங்கும், ஆசிரியர் பெயர் அறியப்படாத, அளவில் பன்மடங்கு பெரிய நூல் அது. ஆசீர்வாதப்பர் அதிலிருந்து தாராளமாக எடுத்துக்கொண்டார் என்பதே இன்று அறிஞர் பலரின் முடிவு. எதை எடுத்தார் என்பதைவிட எதை விட்டார் என்பதே நோக்கத்தக்கது. அந்த நூல் விருந்தினரை ஐயத்தோடு கண்காணிக்கச் சொல்கிறது. ஆசீர்வாதப்பரோ 53ஆம் அதிகாரத்தில், வரும் விருந்தினரைக் கிறிஸ்துவாகவே ஏற்கச் சொல்கிறார். அதிலும் ஏழைகளுக்கும் திருப்பயணிகளுக்கும் தனிக்கவனம் கேட்கிறார். கடன்வாங்கிய நூலிலும் ஆசிரியரின் இதயம் வெளிப்படும் இடம் இது.

முதல் வார்த்தைப்பாடு

நம் குருமடங்களிலும் மறைக்கல்வி வகுப்புகளிலும் துறவியரின் வார்த்தைப்பாடுகள் மூன்று என்று கற்றோம்: ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல். ஆசீர்வாதப்பரின் நூலில் இந்த வரிசை இல்லை. 58ஆம் அதிகாரத்தின்படி புதிதாகச் சேர்பவர் வாக்களிப்பவை வேறு மூன்று: நிலைத்திருத்தல், வாழ்வு மாற்றம், கீழ்ப்படிதல். இவற்றுள் முதலாவதாக நிற்பது நிலைத்திருத்தல். சேர்ந்த இடத்தில், சேர்ந்த மனிதர்களோடு, சாகும்வரை இருந்துவிடுவதே அது.

ஏன் இது முதலில் வைக்கப்பட்டது? விடை நூலின் முதல் அதிகாரத்திலேயே உள்ளது. அங்கே நான்கு வகைத் துறவியர் விவரிக்கப்படுகின்றனர். அவர்களுள் ஆசிரியர் மிகக் கடுமையாகக் கண்டிப்பது ‘சுற்றித் திரிவோரை’. ஒரு மடத்தில் மூன்று நாள், மறு மடத்தில் நான்கு நாள் எனத் தங்கி, எங்கும் வேரூன்றாதவர்கள் அவர்கள். புது இடத்தின் இனிமை தீர்ந்து, உடனிருப்பவரின் குறைகள் தெரியத் தொடங்கும் நாளில் அவர்கள் மூட்டை கட்டிவிடுவார்கள். மனமாற்றமோ அந்த நாளில்தான் தொடங்குகிறது. நிலைத்திருத்தல் இன்றி வாழ்வு மாற்றம் இல்லை என்பதே இந்த வரிசையின் இறையியல்.

நூலின் முடிவை நெருங்கும் 72ஆம் அதிகாரத்தில், ஒருவர் மற்றவரின் உடற்குறைகளையும் குணக்குறைகளையும் மிகுந்த பொறுமையோடு தாங்கவேண்டும் என்கிறார் ஆசிரியர். நாமாகத் தேர்ந்துகொள்ளாத மனிதர்களோடு வாழ்நாள் முழுதும் ஒரே மேசையில் உண்பதே அவர் கண்ட தவம். இப்படிப் படிக்கும்போது இந்நூல் இல்லறத்தாருக்கு அந்நியமாகத் தோன்றுகிறதா? மாமியாரோடும் மருமகளோடும், படுக்கையில் கிடக்கும் தந்தையோடும், குணம் மாறாத உடன்பிறப்போடும் ஒரே கூரையின் கீழ் வாழும் குடும்பத்தார், தாம் அறியாமலே இந்த வார்த்தைப்பாட்டின் பாதியைக் கடைப்பிடித்து வருகிறார்கள். அதை இறைவனுக்கு முன் மனமுவந்து ஏற்பதே எஞ்சிய பாதி.

நம் மண்ணில் இந்தச் சிக்கல் ஒருமுறை மனித வாழ்வாகவே வெளிப்பட்டது. 1950இல் குளித்தலையை அடுத்த தண்ணீர்ப்பள்ளியில், காவிரிக் கரையில், அருள்தந்தை ஜூல்ஸ் மோன்ஷானினும் ஆசீர்வாதப்பர் சபைத் துறவியான ஹென்றி லெ சோவும் சாந்திவனத்தை நிறுவினர். ஒழுங்குநூலையும் பாரதத்தின் சந்நியாச மரபையும் ஒன்றிணைப்பதே அவர்கள் கனவு. சந்நியாசி திரிபவர்; ஆசீர்வாதப்பரின் துறவியோ நிலைத்திருப்பவர். அபிஷிக்தானந்தா என்று பெயர்பெற்ற லெ சோ, 1968இல் சாந்திவனப் பொறுப்பை விட்டு இமயமலைப் பகுதிக்கே சென்று தங்கினார். அவருடைய தேடலின் தூய்மையை ஐயுற எவருக்கும் உரிமையில்லை. ஆயினும், இரு மரபுகளின் இணைப்பு எளிதன்று என்பதை அப்பயணம் நமக்கு உணர்த்துகிறது.

மூன்று வாசகர்கள்

ஒழுங்குநூலின் வழியை இருபதாம் நூற்றாண்டு முதல் பொதுமக்களிடம் கொண்டுசென்ற நூல்கள் பல. அவற்றுள் மூன்றை எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, தாமஸ் மெர்ட்டனின் தன்வரலாறான ‘ஏழடுக்கு மலை’ (1948). 1941 டிசம்பர் 10 அன்று அமெரிக்காவின் கென்டக்கியில் உள்ள கெத்சமனி மடத்தில் சேர்ந்த இளைஞர், தாந்தே பாடிய உத்தரிக்கிற தலத்தின் மலையைத் தலைப்பாக்கி எழுதிய நூல் இது. உலகப்போரால் களைத்திருந்த இளைஞர் பலரை இது மடங்களின் வாயிலுக்கு அழைத்து வந்தது. நூலின் உண்மைத்தன்மை மறுக்கமுடியாதது. ஆனால் குறையும் உண்டு. உலகம் இருளாகவும் மடம் ஒளியாகவும் தீட்டப்படுகின்றன. வாசகர் நூலை மூடும்போது, ‘இறைவன் அங்கே இருக்கிறார், நான் இங்கே இருக்கிறேன்’ என்ற ஏக்கமே மிஞ்சுகிறது. இல்லறத்தாருக்கு இந்த ஏக்கம் ஊட்டமன்று. மெல்லக் கொல்லும் நஞ்சு. இதை முதலில் உணர்ந்தவர் மெர்ட்டனே. 1958இல் லூயிவில் நகரின் தெருமுனையில், முன்பின் அறியாத மக்கள் அனைவரோடும் தாம் ஒன்றாயிருப்பதை உணர்ந்த நிகழ்ச்சியை 1966இல் வெளிவந்த நூலில் பதிவு செய்தார். தனிமையை நாடி வேறு சபைகளுக்குச் செல்லும் தவிப்பு அவரை ஆண்டுக்கணக்கில் வாட்டியது. எனினும் 1968இல் அதே டிசம்பர் 10 அன்று பாங்காக்கில் இறக்கும்போது அவர் கெத்சமனி மடத்துத் துறவியாகவே இருந்தார். அவருடைய தன்வரலாற்றைவிட, அதன்பின் அவர் நிலைத்திருந்த இருபது ஆண்டுகளே நமக்குச் சிறந்த பாடம்.

இரண்டாவது, எஸ்தர் தி வால் எழுதிய ‘இறைவனைத் தேடுதல்’ (1984). ஆசிரியர் துறவியல்லர், கத்தோலிக்கரும் அல்லர். ஆங்கிலிக்கன் திருச்சபையைச் சேர்ந்த இல்லத்தரசி, நான்கு மைந்தரின் தாய். கணவர் கான்டர்பரி பேராலயத்தில் பொறுப்பு வகித்ததால், முற்காலத்தில் ஆசீர்வாதப்பர் சபையார் வாழ்ந்த வளாகத்திலேயே அவர் குடியிருந்தார். நிலைத்திருத்தல், மாற்றம், சமநிலை, பொருள்கள், மனிதர்கள் என அவர் வகுத்த அதிகாரங்கள், ஒழுங்குநூலின் நாடியை வேறு எவரையும்விடத் தெளிவாகப் பிடித்துக் காட்டுகின்றன. நிலைத்திருத்தல் என்பது இடத்தைப் பற்றிக்கொள்வது மட்டுமன்று; தன்னிடமிருந்தும் தன்னைச் சார்ந்தோரிடமிருந்தும் ஓடாமல் இருப்பது என்று அவர் காட்டுவது பொன்னான விளக்கம்.

இருப்பினும் நாம் ஒரு வினாவை எழுப்பத்தான் வேண்டும். தங்குவதற்கு வீடும் வாசிப்பதற்கு ஓய்வும் உடையவருக்கே இந்நூல் எழுதப்பட்டதோ? பஞ்சாலை வேலைக்காகத் திருப்பூருக்குக் குடிபெயர்ந்தவரிடமும், கடன் தீர்க்க வளைகுடா நாட்டில் ஆண்டுக்கணக்கில் தனித்து வாழ்பவரிடமும் போய் ‘நிலைத்திருங்கள்’ என்று போதிக்கலாமா? பசி துரத்தும்போது ஊரை விடுவது சுற்றித் திரிதலாகாது. மாதந்தோறும் வீட்டுக்குப் பணம் அனுப்பி, மனைவி மக்களுக்கு உண்மையாயிருந்து, திரும்பும் நாளை எண்ணி வாழ்பவர், ஊரிலேயே இருந்துகொண்டு குடும்பத்தை மறந்தவரைவிட நிலைத்திருப்பவர் அல்லவா? எஸ்தர் தி வாலின் விளக்கத்தில் இதற்கு இடமுண்டு. ஆனால் அத்தகைய மனிதர் அவர் பக்கங்களில் இல்லை. அந்த வெற்றிடத்தை நிரப்புவது நம் பணி.

மூன்றாவது, அமெரிக்க இதழாளர் ராட் ட்ரீயர் 2017இல் வெளியிட்ட ‘ஆசீர்வாதப்பர் தேர்வு’. மெய்யியலாளர் அலஸ்டர் மக்கின்டயர் 1981இல் எழுதிய நூலின் இறுதியில், புதியதோர் ஆசீர்வாதப்பருக்காக நம் காலம் காத்திருக்கிறது என்ற பொருளில் ஒரு கருத்தை வைத்தார். அதை விதையாகக் கொண்டு ட்ரீயர் ஒரு திட்டத்தையே வகுத்தார். மேலைச் சமூகம் கிறிஸ்தவத்தைக் கைவிட்டுவிட்டது. எனவே விசுவாசிகள் பின்வாங்கி, தங்களுக்குள் நெருக்கமான குழுமங்களையும் பள்ளிகளையும் அமைத்துக்கொண்டு விசுவாசத்தைக் காத்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். பிள்ளைகளின் விசுவாசத்தைப் பற்றிய அவருடைய கவலை உண்மையானது. கைப்பேசித் திரையே குடும்ப செபத்தின் நேரத்தைத் தின்றுவிட்ட இந்நாளில், நம்மூர்ப் பெற்றோரும் அக்கவலையைப் பகிர்ந்துகொள்வர். ஒழுங்கான செபநேரமும், பொதுவான உணவுமேசையும், வாசிப்பும் வேண்டும் என்று அவர் வலியுறுத்துவது சரியே.

ஆனால் அவர் ஒழுங்குநூலைச் சுவராகப் படிக்கிறார். ஆசீர்வாதப்பர் எழுதியதோ வாயில். 66ஆம் அதிகாரம் வாயிற்காப்போரைப் பற்றியது. அந்தப் பொறுப்புக்கு அறிவு முதிர்ந்த ஒரு பெரியவரை வைக்கவேண்டும். ஏழை ஒருவர் தட்டும்போது அவர் இறைவனுக்கு நன்றி கூறி விரைந்து திறக்கவேண்டும் என்கிறது நூல். மடத்தில் செய்த பொருள்களை விற்கும்போது வெளியார் விலையைவிடச் சற்றுக் குறைத்தே விற்கவேண்டும் என்கிறது 57ஆம் அதிகாரம். சந்தையோடு உறவே கூடாது என்று கருதியவர் விலையைப் பற்றி எழுதுவாரா? உலகத்துக்கு அஞ்சி ஒதுங்கிய குழுவின் சட்டமாக இதைப் படிப்பதற்கு, நூலின் பாதி அதிகாரங்களைத் தாண்டிச் செல்லவேண்டியிருக்கும்.

இரத்தத்தால் எழுதிய உரை

ஒழுங்குநூலுக்கு நம் காலத்தில் எழுந்த மிகச் சிறந்த உரை, நூலாக எழுதப்படவில்லை. அல்ஜீரியாவின் மலைப்பகுதியில் உள்ள திபிரின் மடத்தில், ஆசீர்வாதப்பரின் ஒழுங்கைப் பின்பற்றும் டிராப்பிஸ்ட் துறவியர் சிலர், இஸ்லாமிய மக்களிடையே அண்டை அயலாராக வாழ்ந்தனர். அவர்களுள் மருத்துவரான முதியவர் சகோதரர் லூக் ஊர்மக்களுக்கு இலவசமாக மருத்துவம் பார்த்தார். 1990களில் உள்நாட்டுப் போர் மூண்டபோது, வெளியேறிவிடுமாறு அவர்கள் அறிவுறுத்தப்பட்டனர். அவர்கள் கூடி விவாதித்தனர், அஞ்சினர், செபித்தனர், இறுதியில் இருந்துவிடுவது என முடிவு செய்தனர். 1996 மார்ச்சில் ஒரு நள்ளிரவில் எழுவர் கடத்தப்பட்டனர். மே மாதத்தில் அவர்களுடைய இறப்புச் செய்தி வந்தது. 2018 டிசம்பர் 8 அன்று ஒரான் நகரில் அவர்கள் அருளாளர்களாக அறிவிக்கப்பட்டனர்.

2010இல் வெளிவந்த பிரெஞ்சுத் திரைப்படம் ஒன்று அவர்கள் கதையைச் சொல்கிறது. அதன் சிறப்பு, சாவைக் காட்டாமல் முடிவெடுத்தலைக் காட்டியதே. ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து ஒவ்வொருவரும் தம் அச்சத்தைக் கூறும் காட்சிகளே படத்தின் உயிர். அங்கே வீரம் இல்லை. தம்மை நம்பியிருக்கும் அயலாரைக் கைவிடக்கூடாது என்ற எளிய உணர்வே உள்ளது. நிலைத்திருத்தல் என்னும் வார்த்தைப்பாடு, தன்னைக் காத்துக்கொள்வதற்கன்று, அயலாருக்காகவே என்பதை அவர்கள் தம் உயிரால் எழுதிக் காட்டினர். ட்ரீயருக்கு இதைவிடத் தெளிவான மறுமொழி வேண்டியதில்லை.

ஓர் எச்சரிக்கை

ஒழுங்குநூலைக் குடும்பத்திற்குப் பயன்படுத்துவதில் ஓர் ஆபத்தும் உண்டு. நூலின் 5ஆம் அதிகாரம் தாமதமில்லாக் கீழ்ப்படிதலைப் புகழ்கிறது. இதை மட்டும் பிய்த்தெடுத்து, கணவரை மடத்தலைவராகவும் மனைவியையும் மக்களையும் கீழ்ப்பட்ட துறவியராகவும் ஆக்குவோர் இல்லாமலில்லை. மதுவுக்கும் அடிக்கும் ஆளாகும் பெண்ணிடம் ‘நிலைத்திரு’ என்று கூறுவது ஆசீர்வாதப்பரின் போதனையன்று. அது கொடுமைக்குத் துணைபோவது. துறவி ஓராண்டு சோதனைக்குப்பின் விரும்பி வாக்களிக்கிறார். அவரை ஆளும் தலைவரும் அதே ஒழுங்குக்குக் கட்டுப்பட்டு, ஒவ்வோர் ஆன்மாவுக்காகவும் இறைவனிடம் கணக்குக் கொடுக்கவேண்டியவர். முக்கியச் செயல்களில் எல்லாரையும் அழைத்துக் கேட்கவேண்டும், பல வேளைகளில் இளையவருக்கே நல்லதை ஆண்டவர் வெளிப்படுத்துகிறார் என்பது 3ஆம் அதிகாரம். ஒருவருக்கொருவர் கீழ்ப்படிய வேண்டும் என்பது 71ஆம் அதிகாரம். இவ்விரண்டையும் விட்டுவிட்டு 5ஆம் அதிகாரத்தைப் படிப்பவர் ஒழுங்குநூலைப் படிப்பவர் அல்லர். தம் விருப்பத்தைப் படிப்பவர்.

நூலிலும் காலத்தின் கறைகள் உண்டு. சிறுவரை அடித்துத் திருத்தும் வழக்கத்தை அது ஏற்கிறது. இன்று நாம் அதை ஏற்க இயலாது. ஆசிரியரே தம் நூலைத் தொடக்கநிலையினருக்கான சிறு ஒழுங்கு என்றே முடிவில் குறிப்பிடுகிறார். திருப்பாடல்களை வகுத்தபின், இதைவிட நல்ல முறை தோன்றினால் அப்படியே செய்யலாம், ஆனால் வாரத்துக்குள் 150 பாடல்களும் நிறைவுறவேண்டும் என்று இடம் கொடுக்கிறார். தம் நூலையே இறுதி வாக்காகக் கருதாத ஆசிரியரை நாமும் அவ்வாறே மதிப்பது முறை.

நமக்கு உரியது எது?

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் வெளியிட்ட திருச்சபை பற்றிய கொள்கைத்திரட்டின் ஐந்தாம் அதிகாரம், புனித வாழ்வுக்கான அழைப்பு அனைவருக்கும் உரியது என்று அறிவித்தது. துறவியர் முழு நிறைவுக்கும் இல்லறத்தார் பாதி நிறைவுக்கும் அழைக்கப்பட்டவர் என்ற பிரிவினை அன்றே நீங்கியது. ஆனால் நம் பக்தி நூல்களிலும் மறையுரைகளிலும் அந்தப் பிரிவினை இன்னும் முற்றாக மறையவில்லை. இல்லறத்தார் துறவியரைப் பார்த்து நகலெடுக்க முயன்று தோற்கிறார்கள். அல்லது முயலாமலே விட்டுவிடுகிறார்கள்.

ஒழுங்குநூல் காட்டும் வழி நகலெடுத்தலன்று. மடத்தின் மௌனம் வீட்டில் அமையாது. ஆனால் புண்படுத்தும் சொல்லை விழுங்கும் மௌனம் அமையும். நாள்தோறும் பலமுறை திருப்புகழ்மாலை சொல்ல இயலாது. ஆனால் காலையும் மாலையும் ஒரு திருப்பாடலை ஒன்றாகச் சொல்ல இயலும். உடைமையே இல்லாமல் வாழ இயலாது. ஆனால் மண்வெட்டியையும் சமையல் பாத்திரத்தையும் திருப்பாத்திரமாக மதிக்க இயலும். அவரவர் தேவைக்கேற்பப் பகிரவேண்டும், குறைவாகப் பெறுபவர் வருந்தலாகாது, மிகுதியாகப் பெறுபவர் பெருமைகொள்ளலாகாது என்று 34ஆம் அதிகாரம் கூறுவது, உடன்பிறந்தோர் சொத்துப் பிரிக்கும் நாளில் படிக்கவேண்டிய பக்கம்.

துறவற ஆன்மீகத்தில் நாட்டமுள்ள ஆண்மக்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த தியானத்துக்குப் பெயர் கொடுக்கும் முன், 35ஆம் அதிகாரத்தைப் படியுங்கள். உங்கள் வீட்டுச் சமையலறையில் வாரமுறை உண்டா? யாருக்கு விலக்கு, யாருக்கு விலக்கில்லை? விடியுமுன் எழுந்து, எல்லாருக்கும் பரிமாறி, இறுதியில் எஞ்சியதை உண்பவர் யார்? “செபிக்க நேரமே இல்லை, சாமி” என்று குற்றவுணர்வோடு கூறும் அந்தத் தாய், பதினைந்து நூற்றாண்டுகளுக்கு முன் ஆசீர்வாதப்பர் புனிதமெனக் கண்ட பணியைத் தனியொருவராகச் செய்துகொண்டிருக்கிறார். அந்த மடத்தில் அப்பணி முறைவைத்து அனைவருக்கும் பகிரப்பட்டது என்பதுதான் வேறுபாடு.

தவக்காலத் தொடக்கத்தில் ஒவ்வொரு துறவிக்கும் ஒரு நூல் கொடுக்கவேண்டும், அதை அவர் முதலிலிருந்து இறுதிவரை வரிசையாகப் படிக்கவேண்டும் என்பது 48ஆம் அதிகாரத்தின் கட்டளை. வரும் தவக்காலத்தில் நம் வீடுகளில் அந்த நூல் இந்த ஒழுங்குநூலாகவே இருக்கட்டும். இரவு உணவுக்குப்பின் ஒருவர் ஓர் அதிகாரத்தை உரக்கப் படிக்க, மற்றவர் கேட்கட்டும். கேட்டு முடித்ததும் எல்லாருமாக எழுந்து பாத்திரங்களைக் கழுவி வைக்கட்டும்.